எத்தனை அங்குலம்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க வாயிலில் வந்து நிற்கும் வண்டிகளைக் கவனிக்கும் அன்பர்களுக்கு ஒரு மாறுதல் புலப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் வந்திறங்கிய நம்மவர், பின்பு சிறிய மாருதிக் கார்களில் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ இன்று ‘தார்’ என்றும் ‘ஜிம்னி’ என்றும் பெயர் சொல்லும் மலைவண்டிகளில் வருகிறார்கள். அவற்றிற் சில, கம்பெனியிலிருந்து வந்த உயரத்தோடு நிற்பதில்லை. வில்லை மாற்றி, கட்டை கொடுத்து, கொக்குபோல் கால் நீட்டி நிற்கின்றன. கதவைத் திறந்தவுடன் முதலில் இறங்குவது மனிதரல்லர்; பிளாஸ்டிக் முக்காலி ஒன்று. அதன்மேல் கால் வைத்துப் பாட்டி இறங்க வேண்டும்.

அந்த முக்காலியைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அது ஏன் வந்தது, எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. வண்டியை உயர்த்த எண்ணும் இளைஞர்களுக்கும், அதற்குப் பணம் கொடுக்கப் போகும் பெற்றோர்களுக்கும், அதில் ஏறி இறங்கப் போகும் முதியோர்களுக்கும் இதனால் ஒரு சிறிது பயன் விளையலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஜிப்ஸி வண்டி ஒன்றை நாம் வாங்கினோம். ஜிப்ஸியை அறியாத டில்லிவாசி இருக்க முடியாது. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி நிறுவனம் வெளியிட்ட வண்டி அது. நம் அண்டையிலுள்ள குர்காவ் தொழிற்சாலையில் உருவானது. இராணுவத்திலும் போலீஸிலும் மலைநாட்டிலும் உழைத்த பிறகு, பத்தாண்டுகளுக்குள் அடங்கும் அண்மைக் காலத்திலேதான் அதன் உற்பத்தி நின்றது. முன்னும் பின்னும் இரும்புப் பட்டை அடுக்கிய வில், அதன்மேல் ஏணி போன்ற சட்டம், அதன்மேல் உடல். இவ்வளவுதான் அதன் சூத்திரம். ஸ்பிதிப் பள்ளத்தாக்கைக் கண்ணாற் காண வேண்டும் என்று அம்மா நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். அந்த ஆசைதான் வண்டி வாங்கக் காரணம்.

வாங்கிய வாரத்திலேயே நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “இந்த உயரத்தில் மலைக்குப் போவதா? மூன்று அங்குலமாவது தூக்குங்கள்!” என்றார் ஒருவர். நான்கு என்றார் மற்றொருவர். ஏன் மூன்று, ஏன் நான்கு என்று நாமும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பட்டறை ஒன்றில் வண்டியை விட்டோம். இரண்டு நாளில் மூன்று அங்குலம் உயர்ந்து வந்தது. பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. அம்மா அருகில் வந்து படியைப் பார்த்தார்கள். தம் முழங்காலைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்தார்கள்.

உயர்வது எது?

வண்டியை உயர்த்துவது என்றால் எதை உயர்த்துகிறோம்? இக்கேள்விக்கு விடை தெரியாமலே பலர் பணம் செலவிடுகிறார்கள். நாமும் அவ்வாறே செய்தோம்.

வண்டியின் எடையைச் சக்கரங்கள் நேரே தாங்குவதில்லை. இடையில் வில் நிற்கிறது. வில்லுக்குக் கீழே ஆக்ஸிலும் சக்கரமும். வில்லுக்கு மேலே சட்டம், எஞ்சின், உடல், நாம். வில்லை நீட்டினாலும் வில்லின்மேல் கட்டை வைத்தாலும் மேலே இருப்பவைதாம் உயரும். கீழே இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஜிப்ஸியில் தரைக்கு மிக அருகில் தொங்குவது எது? ஆக்ஸிலின் நடுவே பூசணிக்காய்போல் உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் கூடுதான். ஜிப்ஸிக்குத் தரை இடைவெளி 210 மி.மீ. என்று கம்பெனி சொன்னது. அது வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்துக்குரிய கணக்கு. அந்த உருண்டை வில்லுக்குக் கீழே இருப்பது. ஆகையால் வில்லை மூன்று அங்குலம் உயர்த்தினாலும், முப்பது அங்குலம் உயர்த்தினாலும், அதன் இடைவெளி ஒரு மயிரிழையும் கூடாது. பாறை அதை இடிக்குமானால் அப்போதும் இடிக்கும், இப்போதும் இடிக்கும்.

அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி அளவுக்கு ஆக்ஸில் உயரும். ஜிப்ஸியின் டயர் 205/70 ஆர் 15. இந்த எண்களின் பொருளைப் பலர் அறிவதில்லை. டயரின் அகலம் 205 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு; உள்ளே இருக்கும் வளையத்தின் விட்டம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 668 மி.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் 703 மி.மீ. சொச்சம். வித்தியாசம் சுமார் 36; அதில் பாதி 18 மி.மீ. டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் உயர்வு அவ்வளவே. அதற்கும் ஒரு விலை உண்டு. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் வில்லை உயர்த்துவதால் பயனே இல்லையா எனில், உண்டு. முன் பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணம், பின்பக்கம் உரசாமல் இறங்கும் கோணம், நடுவயிறு திட்டில் தட்டாமல் கடக்கும் கோணம் ஆகிய மூன்றும் கூடும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழலவும் இடம் கிடைக்கும். வண்டியின் நடுவயிறு தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஜிப்ஸியில் 2,375 மி.மீ. இந்தக் கணக்கில் அது கடக்கக்கூடிய திட்டின் கோணம் தோராயமாக 28 பாகை. இரண்டு அங்குலம் உயர்த்தினால் 33 பாகை ஆகும்.

ஆனால் உயரத்தைவிட நீளம் எவ்வளவு முக்கியம் என்பதையும் பாருங்கள். 2020-இல் வெளியான மஹிந்திரா தாரின் சக்கர இடைவெளி 2,450 மி.மீ.; அதன் நடுவயிற்றுக் கோணம் 27 பாகை என்று கம்பெனி சொல்கிறது. 2024-இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸின் சக்கர இடைவெளி 2,850 மி.மீ.; அதன் கோணம் 23.9 பாகைதான். நீண்ட வண்டி திட்டில் முன்னதாகத் தட்டும். இந்தத் தார் வண்டியைப் பொறியியல் முறையில் உருவாக்கியது செங்கற்பட்டருகே உள்ள மஹிந்திராவின் ஆராய்ச்சி நிலையம் என்பது நம்மவர் மகிழத்தக்க செய்தி. அதன் தரை இடைவெளி 226 மி.மீ.; 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பதும் கம்பெனியின் கணக்கு. இவ்வளவையும் கணித்து வைத்தவர்கள் நம்மைவிட அதிகமாகவே யோசித்திருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை.

மலைப்பாதையில் கற்ற பாடம்

அறியாமையோடும் முக்காலியோடும் நாம் புறப்பட்டோம். டில்லியிலிருந்து சண்டீகர், மண்டி, மணாலி. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. அதைக் கடந்து, கிராம்பூ என்னுமிடத்தில் திரும்பினால், காஸாவுக்குச் செல்லும் கல்பாதை தொடங்குகிறது. சத்ரு, பாதல், அப்பால் 4,500 மீட்டருக்கும் மேற்பட்ட குன்ஸும் கணவாய், பிறகு லோஸர். வழியில் பனி உருகி ஓடும் ஓடைகள் பல. காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலில் சக்கரத்தை மறைக்கும். அங்குள்ளவர்கள் ஓர் ஓடைக்குப் ‘பாகல் நாலா’, அஃதாவது பைத்தியக்கார ஓடை, என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

சமவெளியிலேயே சில குறைகள் தெரிந்தன. வண்டி வலப்புறம் சாய்ந்தே ஓடிற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு அடியில் ஓர் அதிர்வு எழுந்தது. இரவில் எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினார்கள். நம் முன்விளக்கு அவர்கள் கண்ணுக்கு நேரே பாய்ந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று. வளைவுகளில் வண்டி அசைந்தபோது, பின்னால் இருந்த குழந்தைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, இருக்கையின் கம்பியைப் பிடித்த பிடியை விடவுமில்லை.

கல்பாதையில் ‘டங்’ என்று அடியில் இடித்தது. இறங்கிப் பார்த்தால் டிஃபரன்ஷியல். மூன்று அங்குலத்துக்குக் கொடுத்த பணம் நினைவுக்கு வந்தது.

வழியில் தேநீர்க் கடையருகே லாரி பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அதிர்வைப் பற்றிச் சொன்னோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முன்சக்கரம் ஒன்றை ஜாக் வைத்துத் தொங்கவிட்டு, நம்மைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சட்டத்திலிருந்து ஆக்ஸிலுக்குச் செல்லும் பிரேக் ஹோஸ், வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. அதன் முனையில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ரப்பர்க் குழாய் இழுபட்டிருக்கிறது. உடலை உயர்த்தியவர்கள் குழாயை நீட்டவில்லை.

“உஸ்தாத், இது தாங்குமா?” என்று கேட்டோம்.

“ஏறுவதற்குத் தாங்கலாம். இறங்கும்போது பிரேக்கை நம்ப வேண்டும். பின்னால் மாதாஜி உட்கார்ந்திருக்கிறார்கள்” என்று அவர் இந்தியில் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அவ்வாண்டு நாம் குன்ஸும் கணவாயைக் காணவில்லை. அடுத்த நாள் வேறு குழாய் வரவழைத்துப் பொருத்திக்கொண்டு, ஊர்ந்தபடியே மணாலிக்குத் திரும்பினோம். அம்மா நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “மலை எங்கேயும் போய்விடாது” என்றார்கள்.

அளக்கும் முறை

டில்லிக்குத் திரும்பியபின் முதன்முறையாக அளவு நாடாவைக் கையில் எடுத்தோம். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம் அது. அளக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, தரை சமமாக இருக்க வேண்டும். வீட்டு வாயில் சரிவு உதவாது. பெட்ரோல் பங்கின் காற்றடிக்கும் இடம் பெரும்பாலும் சமமாக இருக்கும். நான்கு டயர்களிலும் உரிய காற்று இருக்க வேண்டும். ஜாக்கில் தூக்கி இறக்கியவுடன் அளக்கக் கூடாது. வண்டியைச் சிறிது தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, வில் தன் நிலைக்கு வந்தபின் அளக்க வேண்டும்.

இரண்டாவது, தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பது பிழையான முறை. டயர் தேய்ந்திருந்தாலும் காற்றுக் குறைந்திருந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதுவே வில்லின் உண்மையான நிலையைக் காட்டும். நான்கு சக்கரத்திலும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெறும் வண்டியில் ஒரு முறையும், வழக்கமான சுமையோடு ஒரு முறையும் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க மூன்று கிலோ எடை வேண்டும் என்றிருக்கும் வில்லின்மேல், பக்கத்துக்கு 50 கிலோவாக 100 கிலோ சாமானைப் பின்னால் ஏற்றினால், பின்பக்கம் ஏறக்குறைய 17 மி.மீ. தாழும். முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மலைக்குப் போகும்போது நாம் வெறும் வண்டியில் போவதில்லை அல்லவா?

நான்காவது, வண்டிக்குப் பிறந்தபோது இருந்த உயரம் என்ன என்பதை அறிய வேண்டும். இதுவே யாவற்றிலும் முக்கியம். பழைய வில் தளர்ந்து தாழும். தளர்ந்த நிலையிலிருந்து கணக்கிட்டால் கணக்கே பொய்யாகிவிடும்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன்பு பிள்ளைகள் விளையாட்டாக அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். முன்பக்கம் இடம் 412 மி.மீ., வலம் 396. பின்பக்கம் இடம் 428, வலம் 405. புதிய பட்டைகள் போட்டிருந்த நண்பர் ஒருவரின் அதே மாதிரி ஜிப்ஸியை அளந்தோம். முன்னே இருபுறமும் 440, பின்னே 452. உண்மை அப்போதுதான் வெளிப்பட்டது. நம் வண்டி பிறந்த உயரத்திலிருந்து சராசரி 36 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, அதிலும் ஓட்டுநர் அமரும் வலப்புறம் மிகுதியாகத் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தளர்ந்த வில்லின்மேல்தான் மூன்று அங்குலம், அஃதாவது 76 மி.மீ., கூட்டியிருக்கிறார்கள். சாய்வு அப்படியே நின்றது. பிறந்த உயரத்தோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைத்த உயர்வு 40 மி.மீ.தான், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். மூன்று அங்குலத்துக்குரிய தொல்லை எல்லாம் நமக்கு. உயர்வோ அதில் பாதி.

தேர்ந்தெடுக்கும் முறை

எவ்வளவு உயர்த்தலாம் என்று நண்பரைக் கேட்பதைவிட, வண்டியின் அடிவயிற்றைக் கேட்பது மேல். ஒரு கைவிளக்கோடு அடியில் படுத்துப் பாருங்கள். வடு எங்கே இருக்கிறது? டிஃபரன்ஷியலில் இருந்தால் வில்லை உயர்த்திப் பயனில்லை. நடுச்சட்டத்திலோ கியர்ப் பெட்டிக்கு அடியிலோ இருந்தால் வில்லின் உயரம் உதவும். பம்பரிலும் கொக்கியிலும் இருந்தால் அவற்றை மாற்றுவதே போதும். வடுவே இல்லையெனில் வண்டிக்கு உயரம் போதவில்லை என்பது வீண் பேச்சு. நகரத்தில் ஓட்டுவோர் ஒன்று நினைவிற் கொள்ளலாம். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதற்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; அகலம் 3.7 மீட்டர். விதியை மீறிக் கட்டிய தடைகள் நம் தெருக்களில் உண்டு என்றாலும், 20 செ.மீ.க்கு மேல் இடைவெளியுள்ள வண்டிக்கு டில்லி நகருக்குள் உயர்வு தேவைப்படாது.

தேவை உண்டு என்று வடு சொல்லுமானால், அந்தத் தேவையைத் தீர்க்கும் மிகக் குறைந்த அளவையே கொள்ள வேண்டும். உயர்த்தும் வழிகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். பட்டை வில் வண்டியில் ‘ஷேக்கிள்’ எனப்படும் தொங்குபிடியை நீட்டுவது மலிவான வழி. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும். ஏனெனில் வில்லின் ஒரு முனை மட்டுமே உயர்கிறது. ஆக்ஸில் நடுவில் இருக்கிறது. சுருள்வில் வண்டியில் வில்லின்மேல் வளையம் வைப்பார்கள். வில்லின் வலிமை மாறாது, உயரம் மட்டும் மாறும். தாரின் முன்பக்கம்போல் சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பில் நெம்புகோல் கணக்கு ஒன்று குறுக்கிடும். மேலே வைக்கும் வளையத்தின் கனத்தைவிடச் சக்கரத்தருகே உயர்வு அதிகமாகும். வளையத்தின் கனத்தைப் பார்த்து உயரத்தை ஊகிக்கக் கூடாது.

உயர்த்திய வண்டியின் சட்டத்தைத் தூக்கி, தாங்குகட்டை கொடுத்து, சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டுப் பார்ப்பது கட்டாயம். பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்கிறதா? டில்லி மிஸ்திரிகள் ‘ஷாக்கர்’ என்று சொல்லும் அதிர்வுதாங்கி, வில்லுக்கு முன்னதாகவே தன் நீளத்தின் எல்லையை எட்டிவிடுகிறதா? இயக்குதண்டின் மூட்டு மிகுதியாக மடங்குகிறதா? நம் வண்டியின் அதிர்வுக்கு அந்த மூட்டே காரணம். அதன்பின் சக்கர நேர்மை பார்க்க வேண்டும். முன்விளக்கைத் தாழ்த்த வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிப் புதிய வில் படிந்தபின் மறுபடியும் நான்கு மூலைகளையும் அளக்க வேண்டும்.

கவிழும் அபாயத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். இரு சக்கரங்களின் இடை அகலம் 1,300 மி.மீ., வண்டியின் எடைமையம் 700 மி.மீ. உயரத்தில் என்று கொள்வோம். நிற்கும் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஏறக்குறைய 43 பாகையில் அது கவிழும். எடைமையம் 60 மி.மீ. உயர்ந்தால் 40 பாகைச் சொச்சத்திலேயே கவிழும். இரண்டு மூன்று பாகைதானே என்று எண்ணலாகாது. ஓடும் வண்டியில் வளைவும் வேகமும் வில்லின் அசைவும் சேர்ந்து, ஏட்டில் உள்ள பாகையிற் பெரும்பகுதியை முன்னரே தின்றுவிடுகின்றன. மலைப்பாதையின் விளிம்பில் மிச்சமிருப்பது சில பாகைகளே.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் வகுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாறுதல் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காஷ்மீரி கேட்டிலும் கரோல் பாக்கிலும் ஒரு பொருள் கடையில் விற்கப்படுவதாலேயே அதை வண்டியில் பொருத்துவது சட்டபூர்வம் ஆகிவிடாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, தெரிவிக்காமல் என்ன மாற்றினீர்கள் என்பதே. ஆகவே எதையும் மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது குடும்பஸ்தருக்கு அழகு.

முக்காலி போன கதை

அளவு நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு நாம் செய்த முடிவு மிக எளியது. நீட்டிய தொங்குபிடிகளையும் கட்டைகளையும் கழற்றி எறிந்தோம். ‘கமானி’ என்று இங்குள்ளோர் சொல்லும் பட்டை வில் நான்கையும் புதிதாக, கம்பெனி வகுத்த அளவிலேயே போட்டோம். டயரும் அதே அளவு. கல்பாதைக்குரிய ஆழ்ந்த பள்ளமுள்ள ரகம் மட்டும் வாங்கினோம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அளந்தபோது முன்னே 439, 438. பின்னே 451, 450. சாய்வு ஒழிந்தது. அதிர்வு ஒழிந்தது. தளர்ந்திருந்த நிலைக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கிடைத்தது. தயாரிப்பாளர் கணக்கிலோ நாம் உயர்த்தியது பூஜ்யம் அங்குலம்.

மறு ஆண்டு மீண்டும் அதே பாதை. இம்முறை ஓடைகளை விடியற்காலையிலேயே கடந்தோம். ஒவ்வோர் ஓடையிலும் ஒருவர் முதலில் இறங்கி, கல் இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் பார்த்துக் கைகாட்டினார். டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை மனத்திற் கொண்டு, கல்லை அதற்கு நேரே விடாமல் சக்கரத்தின்மேல் ஏற்றி ஓட்டினோம். நம் நாட்டில் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஓட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அவர்களுடைய திறமை வில்லில் இல்லை. எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்னும் தெரிவில் இருக்கிறது. இரண்டொரு இடத்தில் நமக்கும் அடியில் தட்டியது. மெதுவாகப் போனதால் வடுவோடு நின்றது.

குன்ஸும் கணவாயில் காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகளின் அருகே வண்டி நின்றது. நாம் முன்னால் இறங்கி, வழக்கப்படி முக்காலியைத் தேடினோம். அது டில்லி வீட்டிலேயே இருந்தது. அதற்குள் அம்மா கதவைத் திறந்து, ஒரு கையால் கம்பியைப் பற்றி, தாமாகவே இறங்கி நின்றுவிட்டார்கள்.

ஆகவே, வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று கேட்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் அளவு நாடா, அடுத்தது கைவிளக்கு, மூன்றாவது சட்டப் புத்தகம். இம்மூன்றும் ஒத்துக்கொண்டபின் நான்காவதாக வீட்டிலுள்ள மூத்தவரை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முக்காலியைக் கேட்டால், அந்த அங்குலம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதன்று.